பல் மருத்துவப் படிப்பும் பணியும்: கோவில்பட்டி கரிசல் வட்டாரம்

கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டத்தின் வடமேற்கில் மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலையில் அமைந்த நகரம். கடலைமிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி, கரிசல் எழுத்தாளர்கள் ஆகியவற்றால் அறியப்படுவது. எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை, சாத்தூர் என்று நான்கு பக்கமும் விரியும் கரிசல் நிலத்தில் பருத்தி, உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பி விளைகின்றன. இவ்வட்டாரத்து மாணவர் ஒருவர் பல் மருத்துவராக என்ன படிக்க வேண்டும், எந்த வழியில் இடம் கிடைக்கும், படித்துத் திரும்பினால் இங்கே என்ன வகை நோய்களைப் பார்க்க நேரும், தொழில் எப்படி நடக்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொழிலின் தொடக்கம்

இந்தியாவில் பல் மருத்துவம் தனிப் படிப்பாகி நூறாண்டு சற்றுக் கூடுதலாக ஆகிறது. கிழக்கு வங்காளத்தில் பிறந்த இரஃபியுத்தீன் அகமது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1919-இல் நாடு திரும்பி, 1920-இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அரசு உதவி கிடையாது. ‘நியூயார்க் சோடா பவுண்டன்’ என்ற பெயரில் அவர் நடத்திய குளிர்பானக் கடையின் வருமானம்தான் கல்லூரியை நடத்தியது. இனிப்புத் தண்ணீர் விற்ற காசில் பல் மருத்துவம் வளர்ந்தது என்பது இத்தொழிலில் உள்ளோர் சிரித்தபடி சொல்லிக்கொள்ளும் செய்தி. அவர் பிறந்த டிசம்பர் 24 இந்தியாவில் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. அதன்கீழ் 1949-இல் இந்தியப் பல் மருத்துவக் குழு அமைந்தது. சட்டம் பதிவேட்டை ‘அ’, ‘ஆ’ என இரண்டாகப் பிரித்தது. முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவர்கள் முதல் பகுதியில் இடம்பெற்றனர். பட்டம் இல்லாமல், ஆனால் பதிவு தொடங்குமுன் குறைந்தது 5 ஆண்டுகள் அதையே பிழைப்பாகச் செய்துவந்தவர்கள் இரண்டாம் பகுதியில் சேர்க்கப்பட்டனர். சீனாவின் ஹூபே பகுதியிலிருந்து குடியேறிப் பல்கட்டும் தொழில் செய்த குடும்பங்களும், தந்தையிடம் தொழில் கற்ற உள்ளூர்க்காரர்களும் அக்காலத்தில் இந்திய நகரங்களில் இருந்தனர். பழைய கடைத்தெருக்களில் பெரிய பல்செட்டு படம் வரைந்த பெயர்ப்பலகைகள் அந்தக் காலத்தின் மிச்சம்.

தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்வி 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. அதுவே பின்னர் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கல்லூரி அரசின் பொறுப்புக்கு வந்தது. 2023-இல் புதுக்கோட்டையில் மூன்றாவது கல்லூரி 50 இடங்களுடன் திறக்கப்பட்டது. இம்மூன்றில் எதுவும் மதுரைக்குத் தெற்கே இல்லை. கரிசல் வட்டாரத்து மாணவருக்கு அரசுக் கல்லூரி என்றால் இரவு ரயில் ஏற வேண்டியதுதான். தனியார் கல்லூரிகள் மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் உள்ளன.

சேர்க்கை

பல் மருத்துவ இளநிலைப் படிப்புக்கு மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். தேர்வு 720 மதிப்பெண்ணுக்கு. 180 வினாக்களில் 90 உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும் சரிபாதி. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும்.

தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை நுழைவுத் தேர்வு இன்றி மேல்நிலை மதிப்பெண் அடிப்படையில் அரசு இடங்கள் நிரப்பப்பட்டன. 2017 முதல் நீட் கட்டாயமானது. கிராமத்துப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களை இம்மாற்றம் கடுமையாகத் தாக்கியது. 2018 தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக வழக்கு நடந்தது. அவற்றுக்காக 196 கருணை மதிப்பெண் வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் பின்னர் அந்த ஆணையை நீக்கியது. தமிழில் தேர்வெழுதுவோர், ஐயம் வந்தால் ஆங்கில வினாவையும் சேர்த்துப் படித்துப் பார்க்கும் வழக்கம் இதன் பிறகு பயிற்சி வகுப்புகளில் வலியுறுத்தப்படுகிறது.

2020-இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டம், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ, பல் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தது. முதல் ஆண்டிலேயே இரண்டு படிப்புகளிலும் சேர்த்து ஏறத்தாழ 400 மாணவர்கள் இதன் வழியே இடம் பெற்றனர். இவ்வொதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்கு இது மிகப் பெரிய வேறுபாடு. ஆனால் ஒரு நிபந்தனையைப் பலர் தாமதமாகவே அறிகின்றனர். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் இருந்திருக்க வேண்டும். இடையில் ஓராண்டு அரசு உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தாலும் இந்த ஒதுக்கீடு பொருந்தாது.

மாநில இடங்களுக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்தியத் தொகுப்புக்குச் செல்கிறது. அதற்குத் தனிக் கலந்தாய்வு, தனி விண்ணப்பம்.

பொது மருத்துவ இடம் கிடைக்காதவர்கள் இரண்டாம் தேர்வாகப் பல் மருத்துவத்தில் சேர்வது வழக்கமாகிவிட்டது. சேர்ந்த பின்னும் மனம் அங்கேயே நின்று, மறு ஆண்டு நீட் எழுதப் பாதியில் வெளியேறுவோர் உண்டு. முடிவுக்குமுன் ஒரு பல் மருத்துவமனையில் சில நாள் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பது எந்த ஆலோசனையையும் விடப் பயன் தரும். இது முழுக்கக் கைவேலை சார்ந்த தொழில். அரை அங்குல இடத்தில், எச்சில் ஊறும் ஈரத்தில், அசையும் மனிதரின் வாய்க்குள், கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும்.

படிப்பு

இளநிலைப் படிப்பு 4 ஆண்டு வகுப்பும் 1 ஆண்டு சுழற்சிமுறைப் பயிற்சியும் சேர்ந்து 5 ஆண்டுகள். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றுடன் பல்லின் அமைப்பும் பாடமாகும். மெழுகுக் கட்டியைச் செதுக்கி ஒவ்வொரு பல்லின் வடிவத்தையும் கையால் உருவாக்கும் பயிற்சி அப்போதே தொடங்குகிறது. இரண்டாமாண்டில் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல், பல் மருத்துவப் பொருள்கள் ஆகியவற்றுடன் பொம்மைத் தலையில் பல் அடைக்கும் பயிற்சி. மூன்றாமாண்டில் பொது மருத்துவமும் அறுவை மருத்துவமும் வாய் நோயியலும். நான்காமாண்டு எட்டுப் பிரிவுகள் கொண்டது: பல் அடைப்பும் வேர் சிகிச்சையும், ஈறு, பல்கட்டு, பல்சீரமைப்பு, குழந்தைப் பல், வாய் அறுவை, வாய் மருத்துவமும் கதிர்ப்படமும், சமுதாயப் பல் மருத்துவம்.

நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். படிப்பு ஆங்கிலத்தில். முதல் ஆறு மாதம் தமிழ்வழி மாணவர் திணறுவது இதனால்தான். இரண்டாமாண்டின் பயிற்சிக்கூடத்துக்கு வந்தபின் நிலை மாறுகிறது. அங்கே கை பேசுகிறது, மொழி பின்னுக்குப் போகிறது. கட்டணத்துக்கு வெளியே கருவிப் பெட்டி, பயிற்சிப் பொருள்கள் என்று மாணவரே வாங்க வேண்டியவை உண்டு. கல்விக் கடன் கணக்கில் இவற்றைச் சேர்க்க மறக்கும் குடும்பங்கள் பின்னால் சிரமப்படுகின்றன.

முதுநிலைக்கு 3 ஆண்டு. அதற்கும் தனி நீட் உண்டு. மொத்தம் 9 சிறப்புப் பிரிவுகள். 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம், பழைய பல் மருத்துவக் குழுவுக்கு மாற்றாக ஆணையத்தையும், இறுதியாண்டில் நாடு முழுமைக்கும் பொதுவான தகுதித் தேர்வையும் ஏற்படுத்த வழிசெய்கிறது. படிப்பை முடித்தவர் மாநிலப் பல் மருத்துவக் குழுவில் பதிவு செய்த பிறகே தொழில் செய்யலாம்.

கரிசல் நிலமும் பல்லும்

இவ்வட்டாரத்தில் நிலமும் தொழிலும் பல்லில் தடம் விடுகின்றன. முதலாவது தண்ணீர். கோவில்பட்டி நகருக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீர் வருகிறது. குழாய் நீர் போதாத சிற்றூர்களில் ஆழ்துளைக் கிணறே கதி. தென் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் நிலத்தடி நீரின் உப்பும் ஃபுளூரைடும் ஊருக்கு ஊர், கிணற்றுக்குக் கிணறு மாறுகின்றன. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளூரைடு இருப்பது இந்தியத் தரநிலைப்படி ஏற்கத்தக்கது. மாற்று நீர் இல்லாவிடத்து 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நெடுங்காலம் குடித்தால் குழந்தைகளின் நிலைப்பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் தோன்றும்.

இக்கறை தேய்த்தால் போகாது. எனாமல் உருவாகும் வயதில், அதாவது பிறந்தது முதல் ஏறத்தாழ 8 வயதுக்குள், உள்ளே பதிந்துவிடுவது. வளர்ந்தவர் அதே தண்ணீரைக் குடித்தால் புதிதாகப் பல்லில் கறை வராது. எலும்பைத்தான் அது பாதிக்கும். ஆகவே ஒரு வகுப்பறையில் பிள்ளைகளின் முன்பற்களைப் பார்த்தாலே அந்த ஊரின் பத்தாண்டுக்கு முந்தைய தண்ணீரைப் பற்றி ஓரளவு சொல்லிவிட முடியும். இந்நோய் இந்தியாவில் முதலில் பதிவானதும் அன்றைய சென்னை மாகாணத்தில்தான். 1937-இல் கிண்டி கிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் நெல்லூர் மாவட்டத்து நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். தமிழ்நாட்டில் இதன் கொடுமையை மிகுதியாக அனுபவித்தவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. கறைப்பட்ட பல்லை வெண்மையாக்கச் சிகிச்சை உண்டு. கல்யாணப் பேச்சு தொடங்கும்போது அதைத் தேடி வருவோரே மிகுதி. ஊர்க் கிணற்று நீரைச் சோதிக்கச் சொல்லும் மருத்துவரைப் பார்ப்பது அரிது.

இரண்டாவது இனிப்பு. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய் நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்தது. கடலையால் பல்லுக்குக் கேடில்லை. பாகு பல்லின் பள்ளங்களில் ஒட்டி நிற்பதுதான் சிக்கல். சர்க்கரையைத் தின்ற சில நிமிடங்களில் வாய்க் கிருமிகள் அமிலம் உண்டாக்குகின்றன. காடிமை 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போல ஆகும். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு துண்டைத் தின்றால் ஒரு தாக்குதல். அதே துண்டைச் சட்டைப் பையில் வைத்துப் பள்ளி நாள் முழுதும் கடித்தால் பத்துத் தாக்குதல். வெல்லமும் கருப்பட்டியும் பல்லுக்கு நல்லது, சீனிதான் கெடுதல் என்ற நம்பிக்கை இங்கே பரவலாக உள்ளது. கிருமிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

வேலங்குச்சியால் பல் துலக்குவது கரிசலின் பழைய வழக்கம். ஆலையும் வேலையும் பல்லோடு சேர்த்துச் சொல்லும் பழமொழியில் வரும் வேல், வேம்பு அன்று. இந்நிலத்தில் தானே முளைக்கும் கருவேலும் வெள்வேலும்தான். இன்று கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலம் பின்னால் வந்த வேறு மரம். குச்சியை நார்நாராக மென்று தேய்ப்பதில் தவறில்லை. செங்கல் பொடி, சாம்பல், அடுப்புக்கரி ஆகியவைதான் பல்லைத் தேய்த்து ஈற்றோரத்தில் பள்ளம் பறிக்கின்றன. கூச்சத்தோடு வரும் முதியவர்கள் பலரிடம் இத்தடம் தெரியும்.

மூன்றாவது புகையிலையும் பாக்கும். பாக்கை இடைவிடாது மெல்பவர்களின் கன்னத் தசை நாராகி வாய் திறக்க முடியாமல் போகும் நோய் 1950-களில் மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றது. இது புற்றுநோய்க்கு முன்னோடி. தமிழ்நாட்டில் 2013-இல் குட்காவும் பான் மசாலாவும் தடை செய்யப்பட்டன. ஆயினும் பொட்டலம் கிடைக்காத ஊர் இல்லை. மூன்று விரல் நுழையுமளவு வாய் திறக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. பல் வலிக்கு வந்தவரிடம் அதைச் செய்யும் மருத்துவர் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

தீப்பெட்டியும் தாடையும்

தீப்பெட்டித் தொழிலுக்கும் பல் மருத்துவத்துக்கும் உள்ள உறவு கோவில்பட்டி மாணவர் அறிந்திருக்க வேண்டியது. 19-ஆம் நூற்றாண்டில் எங்கே உரசினாலும் பற்றும் தீக்குச்சிகள் வெள்ளைப் பாஸ்பரஸால் செய்யப்பட்டன. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு முதலில் பல்வலி வரும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. தாடையெலும்பு வெளியே தெரிந்து, சீழ் வடிந்து, துண்டுதுண்டாக அழுகி விழும். வியன்னாவின் மருத்துவர் லோரின்சர் 1845-இல் இந்நோயை விளக்கினார். இலண்டனில் பிரையண்ட் அண்டு மே ஆலையின் பெண்கள் 1888-இல் நடத்திய வேலைநிறுத்தம் இக்கொடுமையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1906-இல் பெர்ன் நகரில் வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்யும் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பகுதியில் தீப்பெட்டித் தொழில் 1920-களில்தான் வேரூன்றியது. அதாவது தடைக்குப் பின். இங்கே செய்யப்படுபவை தொடக்கம் முதல் பாதுகாப்புத் தீக்குச்சிகள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு, பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். பத்தாண்டு முன்னால் தொழில் வந்திருந்தால் இவ்வட்டாரத்துப் பெண்களின் தாடைகள் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். விபத்தும் குழந்தைத் தொழிலும் இத்தொழிலின் வரலாற்றில் உண்டு. தாடை அழுகல் மட்டும் இல்லை.

அந்நோயின் நிழல் வேறு வடிவில் 2003-க்குப் பின் திரும்பி வந்தது. எலும்புப் புரைக்கும் எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் தரப்படும் பிஸ்பாஸ்பனேட் மருந்துகளை எடுப்போர் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடையெலும்பு செத்துப்போவது கண்டறியப்பட்டது. எனவே வயதான நோயாளியிடம் ‘எலும்புக்கு ஊசி, மாத்திரை எடுக்கிறீர்களா’ என்று கேட்காமல் பல்லைப் பிடுங்கக் கூடாது.

நோயாளியின் மொழி

பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் சொல்லும் அறிகுறிகளுக்குக் கரிசல் தமிழில் துல்லியமான சொற்கள் உண்டு. ‘பச்சத்தண்ணி பட்டா கூசுது’ என்றால் எனாமல் தேய்ந்திருக்கலாம், சொத்தை இன்னும் ஆழம் போகவில்லை. ‘ராத்திரி விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, படுக்க முடியல’ என்றால் பல்லின் உள் நரம்பு அழன்றிருக்கிறது; வேர் சிகிச்சையோ பிடுங்கலோ தேவை. ‘கடிச்சா வலிக்கு, பல்லு எழும்பி நிக்கிற மாதிரி இருக்கு’ என்றால் வேர்நுனியில் சீழ் கட்டியிருக்கிறது. நோயாளி வாய் திறக்குமுன்பே பாதி நோயறிதல் முடிந்துவிடும், கேட்கத் தெரிந்தால்.

நம்பிக்கைகளோடும் பேச வேண்டும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற அச்சம் வலுவானது. மேல்பல்லின் நரம்பும் கண்ணின் பார்வை நரம்பும் வெவ்வேறு. அறுபது வயதில் பல் விழுவதும் பார்வை மங்குவதும் சேர்ந்து வருவதால் எழுந்த முடிச்சு இது. பல் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது இன்னொன்று. காரைதான் ஆடும் பல்லைத் தாங்கி நிற்பதுபோல் தோன்றும். அதை எடுத்ததும் உண்மை தெரிகிறது. சந்தையில் ‘பல் பூச்சி’ எடுப்பவர்களின் பூச்சி பல்லிலிருந்து வருவதில்லை. பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட நூலிலேயே பல்லில் பூச்சி இல்லை என்று கூறிவிட்டார்.

பணி

நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பெரும்பாலானவை தனியாருடையவை. ஆண்டுதோறும் 25,000-க்கும் மேற்பட்டோர் சேர்கின்றனர். அரசுப் பணியிடங்கள் மிகச் சில. தமிழ்நாட்டில் உதவிப் பல் மருத்துவர் பணிக்கு 2012-இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. பெருநகரங்களில் புதியவர்கள் மற்றவரின் மருத்துவமனையில் குறைந்த சம்பளத்தில் சில ஆண்டுகள் உழைக்கின்றனர். 23 வயதில் பட்டம் பெற்று 28 வயதிலும் வீட்டிலிருந்து பணம் வாங்க வேண்டியிருப்பதைச் சொல்லாமல் இத்தொழிலைப் பரிந்துரைப்பது நேர்மையன்று.

சொந்த மருத்துவமனைக்குச் சாய்நாற்காலி, காற்றழுத்தி, கதிர்ப்படக் கருவி, நீராவி அழுத்தக் கிருமிநீக்கி ஆகியவை வேண்டும். கதிர்ப்படக் கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவும், மருத்துவமனைக்கு மாநிலச் சட்டப்படி பதிவும், மருத்துவக் கழிவை அகற்ற ஏற்பாடும் தேவை. இவற்றில் செலவைக் குறைக்கக் கூடாத இடம் கிருமிநீக்கம். 2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையோடு தொடர்புடைய மூளைத் தொற்றில் 8 பேர் இறந்தனர். உப்புநீர்ப் புட்டியைச் சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதே தொற்றுப் பரவ வழியானது என்று 2025-இல் வெளியான ஆய்வு கூறியது. பிழை சிறிது. எந்தச் சிறுநகர மருத்துவமனையிலும் நடந்துவிடக் கூடியது.

கோவில்பட்டி போன்ற நகரில் வாடகை குறைவு, சுற்று ஊர்களின் பேருந்துகள் எல்லாம் வந்து கூடும் இடம் என்பது நன்மை. நோயாளிகள் முற்றிய நிலையில் வருவது இடர்ப்பாடு. வேர் சிகிச்சைக்கு நான்கு முறை வருவதென்றால் நான்கு நாள் கூலி போகும். ‘புடுங்கிருங்க’ என்பதே முதல் கோரிக்கை. அதைக் கேட்டு உடனே பிடுங்குபவருக்குக் கூட்டம் சேரும். காப்பாற்றக்கூடிய பல்லை ஒரே அமர்வில் முடித்துத் தரக் கற்றவர், அல்லது தற்காலிக அடைப்பு வைத்து வாரக் கூலி கிடைக்கும் நாளுக்கு மறுமுறை குறிப்பவர், மெதுவாக ஆனால் நிலையாக வளர்கிறார். பல்செட்டு கட்டுவோர் உளுந்தும் மிளகாயும் விற்றுக் கையில் காசு புழங்கும் தை, மாசியில் வருகின்றனர். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பும் களையெடுப்புமாக ஊர் காட்டில் கிடக்கும்; அம்மாதங்களில் நாற்காலி காலியாகவே இருக்கும். வங்கிக் கடனின் மாதத் தவணையைக் கணக்கிடும்போது இந்த இரண்டு பருவத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.